கேட்டு வாங்கிய பசலை

எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் செடியைக் கேட்டு வாங்குவதில்லை. கேட்டு வாங்கிய செடி வேர் பிடிக்காது என்பது சாத்தூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் கருவேப்பிலைக் கன்றோ பிரண்டைத் துண்டோ வேண்டுமென்றால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேச வேண்டும், பேசிக்கொண்டே கண்ணை மட்டும் செடியின் மேல் வைக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்ட வீட்டுக்காரி "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள், அடுப்பில் பால் இருக்காது, இல்லை என்பது இருவருக்கும் தெரியும், அவள் திரும்பி வருவதற்குள் கிள்ளி எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும். அப்படித் திருடிக்கொண்டு வந்ததுதான் தழைக்கும்.

நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தாவரவியல் படித்தேன். வெட்டிய தண்டு எப்படி வேர் விடுகிறது என்று பரீட்சையில் எழுதினேன், அதையும் நம்பாவிட்டால் பிறகு எதை நம்புவது என்ற பயத்தோடு அதை நம்பினேன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத அந்த வருஷம், வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த கரிசல் துண்டில் எங்கள் மூன்று பேருக்கும் வேண்டிய காயும் கீரையும் எடுத்துவிடுவது என்று இறங்கினேன். மண்ணைப் புரட்டவில்லை; சோளத்தட்டையும் காய்ந்த இலையும் பரப்பி மூடாக்குப் போட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குழிக்குப் போகும்படி வாய்க்கால் கீறினேன். வேலிக்குக் கிளுவைக் கொம்புகளை ஊன்றி அதில் முடக்கத்தானை ஏற்றிவிட்டேன். உயரத்தில் அகத்தி, அதன் நிழலில் கருவேப்பிலையும் சுண்டையும், அவற்றின் காலடியில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும், எல்லாவற்றின் தோளிலும் ஏறிக்கொள்ளக் கோவையும் பசலையும் என்று, ஒன்றின் மிச்சத்தை இன்னொன்று சாப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிற குடும்பம் மாதிரி அதை அமைத்தேன்.

செடிகளை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எடுத்ததை மறைக்க எனக்குத் தெரியாது. முந்தானையும் இல்லை, சுடிதார்தான் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அத்தையிடம்தான் முதலில் போனேன்.

"அத்தை, உங்க பசலைக் கொடியில ஒரு துண்டு தாங்க."

"ஏத்தா, அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"பரவால்ல அத்தை, அணைச்சிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

அத்தை உள்ளே போய் வெகுநேரம் நின்று பார்த்தாள். நான் போகவில்லை. கடைசியில் அவளே வந்து, தன் கையாலேயே கொடியை வெட்டி, சூடான சட்டியைப் பிடிப்பதுபோல நுனிவிரலால் நீட்டினாள். "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றேன். "தேங்க்ஸ் வேற" என்று முணுமுணுத்தாள். வெறுங்கையோடு வாங்கக்கூடாது என்று தோன்றியதால் எங்கள் கொல்லையில் முன்பிருந்தே நின்ற முருங்கையில் ஒரு கொம்பை ஒடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். படித்த பிள்ளை தருகிறதே என்ற சங்கடத்தில் அவளும் வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பாக்கியம் மதினியிடம் கருவேப்பிலைக் கன்றும் பொன்னாங்கண்ணியும் இப்படித்தான் கேட்டு வாங்கினேன். அதற்கப்புறம் தெரு முழுக்க இப்படித்தான்.

அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர்; தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் குச்சி மூட்டை ஏற்றிப்போகிறவர். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று தோட்டத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ஒரே ஒரு நாள் கண்மாய்க்கரையிலிருந்து தூதுவளையை வேரோடு தோண்டி எடுத்துவந்தார். கையெல்லாம் முள் கீறியிருந்தது. "இதுவும் ஒரு செடிதானே தாயி" என்று மூடாக்கின் மேல் போட்டுவிட்டுப் போனார். யாருடைய வீட்டுச் செடியும் அல்லாதது எங்கள் தோட்டத்தில் அது ஒன்றுதான்.

எல்லாமே வேர் பிடித்தன. தெரு அதை நம்பவில்லை. வேலிக்கு வெளியே நின்று, எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

தை பிறந்து பசலை பறிக்கிற பதத்துக்கு வந்தது. மத்தியானம் அம்மா பசலைக்கூட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், விழுங்கினாள், பிறகு யாரோ கேள்வி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்: "வேலுத்தா வாங்கிட்டுப் போன இட்லிச் சட்டிய இன்னும் தரல. கேட்டா ஒண்ணுந் தெரியாதவ மாதிரி முழிக்கிறா."

வேலுத்தாய் என்பது அம்மாவின் பெயர்தான்.

"யார்கிட்ட வாங்குன?" என்றார் அப்பா.

"நான் எங்க வாங்குனேன்?" என்ற அம்மா பரணை அண்ணாந்து பார்த்தாள். பரணில் இட்லிச் சட்டி இருந்தது, அது எங்களுடையது இல்லை. அம்மா சாப்பாட்டை முடித்தாள், கை கழுவினாள், சட்டியைத் துடைத்துக் கொண்டுபோய்ச் சீனியம்மாள் அத்தையிடம் கொடுத்தாள். "யாரு சொல்லி இப்பத் தார?" என்று அத்தை கேட்டாளாம். அம்மா விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டாள்.

நான் கவனமான ஆள். ஒவ்வொரு செடியாகச் சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எந்த வீட்டிலிருந்து செடி வந்ததோ, அந்த வீட்டுக்குள் அன்று விடிந்ததிலிருந்து பேசியதில் ஒன்று, தின்றவர் வாயில், தின்றவருடைய குரலிலேயே வரும். பொன்னாங்கண்ணியைத் தின்றால் பாக்கியம் மதினி தன் வீட்டுக்காரர் சங்கரபாண்டியைத் திட்டியது என் வாயில் வந்தது. கருவேப்பிலையை மென்றால் அவர் திருப்பித் திட்டியது வந்தது. வாசனைக்கு மட்டும் போட்டு ஒதுக்கி வைத்தால் ஒன்றும் வரவில்லை, மென்று விழுங்க வேண்டும். முருங்கையைத் தின்றால் எங்கள் வீட்டில் எங்களுக்கே தெரிந்ததுதான் வந்தது, அதனால் அதை மறந்துவிட்டேன்.

இதை வெளியே சொல்லக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம். ஆனால் அம்மா எதைச் சமைத்தாலும் நாலு வீட்டுக்குக் கொடுக்கிறவள். மிஞ்சிய பசலையை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். அதைச் சாப்பிட்டுவிட்டுச் சங்கரபாண்டி அண்ணாச்சி குழாயடிக்கு வந்து, குடத்தோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "சங்கரபாண்டிக்கு மீசை மட்டும்தான் ஆம்பள" என்று தன்னைப் பற்றித் தானே சொன்னார். சொல்லிவிட்டு மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சீனியம்மாள் அத்தையின் முகம் வெளுத்தது, ஏனென்றால் அதை அவள் காலையில் தன் அடுப்பங்கரையில்தான் சொல்லியிருந்தாள்.

அவர் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்து எங்கள் தோட்டம் வரை வந்துவிட்டார்கள்; அன்றைக்கே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தெரு கூடியது. அதிசயம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. யார் யாரைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் என்பதுதான் பேச்சு.

"செடிய நட்டு ஒட்டுக் கேக்குறியாத்தா? இதுக்குத்தான் காலேஜா?" என்றாள் சீனியம்மாள் அத்தை.

"தண்டுக்குக் காது கிடையாது அத்தை" என்றேன். எனக்கே அது பரீட்சைப் பதில் மாதிரி கேட்டது.

"திருடுன செடி வந்த வீட்ட மறந்துரும். அதுக்குத்தான திருடுறது. நீ கேட்டு வாங்கி, தேங்க்ஸ் வேற சொன்ன. அது எதுக்கு மறக்கணும்?"

கூட்டம் தலையாட்டியது. யாருக்கும் அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று அத்தை சொன்னாள். சங்கரபாண்டி அண்ணாச்சி எழுந்தார். "பிடுங்கக் கூடாது. எனக்குத் தெரியணும், இன்னும் என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு." அவர் சொன்ன பிறகு அவரவர் மனதிலும் அதே ஆசை இருந்தது வெளியே தெரிந்தது. செடிகள் நின்றன.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்குள் பேசுவது நின்றுபோயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டுமென்றால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக நடந்து நடுரோட்டுக்கு வந்து சண்டை போட்டுவிட்டு, திரும்பப் போய்ச் சாப்பிட்டார்கள். மாமியார்கள் பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப் வரை போய் மருமகளைத் திட்டிவிட்டு இறங்கி நடந்து வந்தார்கள். ரகசியங்களைத் தொட்டிக்கு அடியிலும் லாரி ஸ்டாண்டிலும் சத்தமாகப் பேசினார்கள், வீட்டுக்குள் கடவுளைக் கும்பிடும்போதுகூட உதட்டை மட்டும் அசைத்தார்கள். சாயங்காலமானால் எங்கள் வேலியோரம் ஆட்கள் வந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள், கண்ணை ஏதாவது ஒரு செடியின் மேல் வைத்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பெண் வீட்டில் காபி குடித்துவிட்டு எங்களிடம் வந்து கீரை கேட்டார்கள். வீட்டுக்குள் பேச்சே இல்லாததால் இலைகளில் வரவர ஒன்றுமே வரவில்லை. பாத்திரம் விழுந்தது, பூனை வந்தது என்பது மாதிரி ஒன்றிரண்டு வார்த்தைதான் வந்தது.

அப்போதுதான் இன்னொன்று ஆரம்பித்தது. பாக்கியம் மதினி ஒரு நாள் வல்லாரை இலை ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே சீனியம்மாள் அத்தையின் எதிரில் நின்று, "ஊர்ல உள்ளதெல்லாம் இவளுக்கு வேணும், இவ வீட்டு நாத்தம் மட்டும் இவ மூக்குக்கு எட்டாது" என்றாள். அத்தை சீறியதும், "நான் சொல்லல மதினி, இலை சொல்லுச்சு" என்றாள். வல்லாரை தெருக்கோடியில் பேச ஆளில்லாமல் தனியாக இருக்கும் ஒரு கிழவர் வீட்டிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது இலை சொன்னதில்லை, அவளே சொன்னது. மறுநாளிலிருந்து எல்லோர் வாயிலும் ஒரு இலை இருந்தது. ஆபீஸ் மேஸ்திரியிடம் கூலி பேசப் போகிறவர்கள் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். பாக்கியை நெருக்கிக் கேட்கிற கடைக்காரர் இலையை மென்றார், தர முடியாது என்றவரும் மென்றார். எது இலை, எது நாக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் எல்லோர் வாயையும் பார்த்தார்கள்.

அதிகமாகப் பார்த்தவள் நான்தான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், தூதுவளை ரசம், சோறு, அப்பளம். அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "இவளப் படிக்க வச்சதுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருக்கலாம்."

அம்மா சிரித்தாள். "சீனியம்மா மதினி வாயி இருக்கே" என்றாள். அப்பாவும், "இலையில என்னென்னதான் வருது பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் தட்டைப் பார்த்தேன். ரசத்தில் இருந்தவை இரண்டே வகை இலை. கருவேப்பிலையை அப்பா எப்போதும்போல ஒன்று விடாமல் தட்டின் விளிம்பில் ஒதுக்கியிருந்தார். அவர் விழுங்கியது தூதுவளை. அதற்கு வீடு இல்லை. கண்மாய்க்கரை யாரைப் பற்றியும் எருமை என்று பேசாது.

அப்படியென்றால் அது அவர் பேச்சு.

நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். என்னைக் கல்லூரியில் சேர்த்த நாளில் அப்பா வண்டியைக் கழுவித் துடைத்துப் பூ வைத்து ஓட்டினார். அந்த நாளுக்காக அவர் வருத்தப்படுகிறாரா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தோட்டத்தில் இன்னொரு குழி தோண்ட என்னால் முடியாது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதலில் எல்லோர் தட்டையும் பார்த்தேன். அம்மா "இன்னும் கொஞ்சம் சோறு போடவா" என்றால்கூட அவள் எதைத் தின்றுவிட்டு அப்படிக் கேட்கிறாள் என்று பார்த்தேன். கூடப் படித்த சிநேகிதி சென்னையில் போனில் பேசுகிற வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன். அப்பா, "ம்" என்றார். ஆனால் அவர் வாயில் எந்த இலையும் இல்லாததால் அந்த "ம்"மை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பையில் துணி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னல் வழியாகச் சீனியம்மாள் அத்தையின் கொல்லையில் முருங்கை தெரிந்தது. நான் ஒடித்து, கையில் கொடுத்து, அவள் கேட்காமலே திணித்த கொம்பு. ஓட்டு வீட்டுக்கு மேலே போயிருந்தது. எங்கள் வீட்டுச் செடி வேறு யாரிடமும் இல்லை என்று நம்பித்தான் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவும் அம்மாவும் நான் இல்லாதபோது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை இத்தனை நாளும் அதைத் தின்றுகொண்டிருக்கிறாள். தொட்டிக்கடியில் அப்படிக் கத்தியவள் அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றி வாயே திறக்காதது ஏன் என்று அப்போது புரிந்தது.

போனேன். அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முருங்கைக்கீரை இருக்கா அத்தை?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு நாள் கழிச்சு வர்ற. நான் அன்னைக்கே வருவன்னு நெனச்சேன். படிச்ச பிள்ளைக்குப் புத்தி லேட்டாத்தான் வரும்போல." உள்ளே போய், காலையில் வதக்கி வைத்திருந்ததை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். "எனக்குச் சலிச்சுப்போச்சு. நெதமும் ஒரே பாட்டு. நீயே கேளு."

தின்றேன். பிறகு என் வாய், என் குரலில், அப்பா பேசியதைப் பேசியது.

"அவகிட்டப் பேசவே பயமா இருக்கு வேலுத்தா. என்ன சொன்னாலும் எந்தச் செடின்னு தட்ட எட்டிப் பாக்குறா."

இன்னொரு வாய் வைத்தேன். இந்தத் தடவை அம்மா. "நீங்கதான எருமைன்னீங்க."

மூன்றாவது வாய். "எருமைன்னா எனக்குத் தெரியும். தண்ணி காட்டத் தெரியும், சீக்குன்னா பாக்கத் தெரியும். படிச்ச பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

கிண்ணத்தில் இன்னும் கீரை இருந்தது. சீனியம்மாள் அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே, "தின்னு, தின்னு. அதுக்கப்புறம் பஸ்ஸு எத்தன மணிக்குன்னு விசாரிச்சாரு, அவ்வளவுதான்" என்றாள். நான் கிண்ணத்தை வைத்துவிட்டேன். மிச்சத்தில் வேறு ஏதாவது இருந்து, அத்தை அதை எனக்கு மறைக்கிறாளோ என்ற சந்தேகம் அப்போதும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தோட்டத்துக்குள் நின்றார். எப்போதும் வேலியோரம் நிற்கிறவர், அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூடாக்கின் மேல் நின்றார். அம்மா வாழைக்குழிப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே குனிந்து, முள்ளுக்குப் பயந்து பயந்து, தூதுவளையில் ஒரு இலையைக் கிள்ளினார். எந்த இலை என்று நான் பார்க்கும்படி சற்றுத் தூக்கிப் பிடித்தார். அப்புறம் வாயில் போட்டு மென்றார். அதைக் கண்மாய்க்கரையில் தோண்டியவர் அவர்தான். அதற்கு வீடில்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அந்தப் பிள்ள மெட்ராசுக்கெல்லாம் போக வேண்டாம்னு யாரு வீட்டுலயோ பேசிக்கிறாங்க" என்றார்.

அம்மா கை நனைந்தபடி நிமிர்ந்தாள். "யாரு வீட்டுல?"

அப்பா மென்றுகொண்டே இருந்தார். இலை எப்போதோ தீர்ந்திருக்கும். அவர் வெறும் வாயைத்தான் மென்றுகொண்டிருந்தார், கண் என் முகத்தில் இருந்தது, சொல்ல இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவரால் அதை எடுக்க முடியாது.

"சீனியம்மா அத்தை வீடா இருக்கும்" என்றேன். அவர் வாயைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லிக்கிட்டிருங்கப்பா. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

உள்ளே போனேன். பையில் வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தேன். கொல்லையில் அப்பாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது, என்ன சொல்கிறார் என்று ஒட்டுக் கேட்கவில்லை. அடுப்பில் பால் இல்லை.